கட்டுநாயக்கவில் இருந்து ரொறன்ரோ: 14,000 கிலோமீற்றர் எத்தனை மணி நேரம்?

கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையத்தில் இருந்து ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்துக்கு இடையிலான மிகக் குறுகிய வான்வழித் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். மைலில் 8,700. விமானிகள் பாவிக்கும் கடல் மைலில் சுமார் 7,560. இந்த மூன்று எண்களும் ஒரே தூரத்தைத்தான் சொல்கின்றன.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்டுநாயக்கவில் இருந்து லண்டன் ஹீத்ரோவுக்கும் 8,700தான், ஆனால் அது கிலோமீற்றர். இரண்டு எண்களும் தற்செயலாக ஒன்றாக அமைந்துவிட்டதால் "லண்டனும் கனடாவும் ஒரே தூரம்தானே தம்பி?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். கண்டியில் ஊடகத் தொழிலில் இருப்பவன் என்றால் விமான ரிக்கெற் பார்த்துக் கொடுப்பது, வீசா படிவத்தின் ஆங்கிலத்தை விளக்குவது எல்லாம் அவன் தலையில்தான் விழும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் திரும்பத் திரும்ப நான் கேட்ட கேள்விகளையே இங்கே எழுதுகிறேன்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம், வீட்டு வாசலில் இருந்து வீட்டு வாசலுக்கு உண்மையில் எவ்வளவு செல்லும்.

நேர்கோடு ஏன் வளைகிறது

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் இலங்கையையும் கனடாவையும் ஒரு கோட்டால் இணைத்தால் அது அரபிக்கடல், ஆபிரிக்கா, அத்திலாந்திக் என்று போகும். விமானத்துக்கு அது குறுக்குவழி அல்ல. பாடசாலையில் இருக்கும் பூகோள உருண்டையை எடுத்து, ஒரு நூலின் ஒரு முனையை இலங்கையிலும் மறுமுனையை ரொறன்ரோவிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் வடக்கே ஏறும். இந்தியா, பாகிஸ்தான், மத்திய ஆசியா, ரஷ்யா, பின்லாந்தின் வட எல்லை, அங்கிருந்து கிறீன்லாந்து, பிறகு கீழிறங்கிக் கனடா. உச்சத்தில் அது 72 பாகை வட அகலாங்கைத் தொடும், அதாவது ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே.

கட்டுநாயக்க 79.9 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கிறது. பியர்சன் 79.6 பாகை மேற்கில். கிறினிச்சை நடுவில் வைத்து ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்தது போல. உலகத்தைச் சுற்றி 160 பாகை போகவேண்டிய இடம் என்பதால் வடக்கே ஏறிப் போவதுதான் கிட்ட.

இந்தப் பாதையில் நேரடி விமானம் எதுவும் கிடையாது. முடியாது என்பதல்ல. சிங்கப்பூரில் இருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றரைத் தரையிறங்காமலே பறக்கும் சேவை இருக்கிறது. அதற்குப் பத்தொன்பது மணி நேரம் அளவில் ஆகும். ஆனால் கொழும்பு–ரொறன்ரோ பாதையில் அப்படிப்பட்ட விமானத்தை நாள்தோறும் நிரப்பும் அளவுக்கு, அதுவும் கூடிய விலை கொடுத்து ஏறும் பயணிகள் இல்லை. அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் அம்மம்மாவும் அப்பப்பாவும் படிக்கப் போகும் பிள்ளைகளும்தான்.

இணையத்தில் தூரக் கணிப்பான்கள் நிறைய இருக்கின்றன. இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் "17 மணி நேரம்" என்று பதில் வரும். தூரத்தை மணிக்கு 850 கிலோமீற்றரால் வகுத்து, ஏறி இறங்க அரை மணியைக் கூட்டினால் வரும் எண் அது. இல்லாத ஒரு விமானத்தின் பயண நேரம். அதை நம்பி அம்மாவுக்கு நீரிழிவு மாத்திரையை அளந்து கட்டிக் கொடுத்த வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

துபாயில் சுற்றுவது உண்மையில் சுற்றா?

வளைகுடா வழியாகப் போவதைப் பலர் பெரிய சுற்று என்று நினைக்கிறார்கள். கட்டுநாயக்க–டுபாய் சுமார் 3,290 கிலோமீற்றர். டுபாய்–ரொறன்ரோ சுமார் 11,080. கூட்டினால் 14,370. நேர்பாதையை விட 375 கிலோமீற்றர்தான் கூட, விமானத்துக்கு அரை மணி நேர வேலை. லண்டன் வழியாகப் போனாலும் ஏறத்தாழ 14,420தான். நாங்கள் இழப்பது சுற்றுவதால் அல்ல, காத்திருப்பதால்.

டுபாய்க்கு நாலரை மணி நேரம், அங்கிருந்து ரொறன்ரோவுக்குப் பதினான்கு மணி நேரம். ஆகாயத்தில் மட்டும் பதினெட்டரை. இடையில் காத்திருப்பு இரண்டு மணியாகவும் இருக்கலாம், பத்து மணியாகவும் இருக்கலாம். மலிவான ரிக்கெற்றுகளில்தான் நீண்ட காத்திருப்பு வரும். எழுபது வயதில் முழங்கால் வருத்தத்தோடு போகிறவருக்கு ரிக்கெற் எடுத்துக் கொடுப்பவர் விலையை மட்டும் பார்க்கக்கூடாது என்பது என் கருத்து. மிகக் குறுகிய காத்திருப்பும் ஆபத்துத்தான். முதல் விமானம் ஒரு மணி பிந்தினால் இரண்டாவதைத் தவறவிட நேரும். மூன்று, நான்கு மணி நேர இடைவெளி பொதுவாகப் பாதுகாப்பானது. சக்கர நாற்காலி உதவியை ரிக்கெற் எடுக்கும்போதே கேட்டுப் பதிந்துவிடவேண்டும். கட்டணம் இல்லை. மொழி தெரியாத ஒருவரை ஒரு வாயிலில் இருந்து மற்ற வாயிலுக்குக் கொண்டுபோய் விடுவதற்கும் அதுவே வழி.

திரும்பி வரும்போது நேரம் குறையும். பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று விமானத்தைப் பின்னால் இருந்து தள்ளும். போகும்போது பதினான்கு மணி எடுத்த ரொறன்ரோ–டுபாய் பகுதி வரும்போது பதின்மூன்று, சில வேளை அதற்கும் குறைவு. லண்டன் விமானத்திலும் இப்படித்தான்: போக ஏறத்தாழ பதினொரு மணி நேரம், வரும்போது அதை விடக் குறைவு.

மற்ற ஊர்களையும் கேட்பீர்கள். பாரிஸ் ஏறத்தாழ 8,480 கிலோமீற்றர், சூரிச் 8,020, மெல்பேர்ண் 8,360. சென்னை 650 கிலோமீற்றர் கூட இல்லை.

யுத்தம் தூரத்தை நீட்டும் என்பது எம்மவருக்குப் புதிதல்ல. 2001 ஜூலை 24 கட்டுநாயக்கத் தாக்குதலுக்குப் பிறகு காப்புறுதிக் கட்டணம் ஏறிப் பல விமானங்கள் வருவதை நிறுத்தின. இப்போது அதே கதை வேறு இடங்களில் நடக்கிறது. 2022இல் உக்ரேன் யுத்தம் தொடங்கியபின் ரஷ்யாவும் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் ஒன்றின் வான்பரப்பை மற்றதன் விமானங்களுக்கு மூடின. 2025 ஜூனில் கட்டார் தன் வான்பரப்பைச் சில மணி நேரம் மூடியபோது வளைகுடா வழியாகப் போன உலகப் பயணிகள் ஆங்காங்கே சிக்கினார்கள். யாருடையதோ சண்டைக்கு எங்கள் ஆச்சி ஒருத்தி விமான நிலையத் தரையில் படுக்கவேண்டி வரும்.

கண்டியில் இருந்து கட்டுநாயக்க

தூரக் கணிப்பான் சொல்லாத பகுதி இது.

கண்டிக்கு விமான நிலையம் இல்லை. பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் இறங்கும் கடல்விமானம் சுற்றுலாப் பயணிகளுக்கானது. கண்டியில் இருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் 84 கிலோமீற்றர் அளவு. வீதியில் நூறுக்கு மேல். பகலில் மூன்று மணி நேரம் என்றால் அதிர்ஷ்டம், மூன்றரை சாதாரணம், நாலும் ஆகும். அந்த மூன்றரை மணி நேரத்தில் கட்டுநாயக்கவில் கிளம்பிய விமானம் அரபிக்கடலைப் பெரும்பாலும் தாண்டிவிடும்.

கலஹா, தெல்தோட்டை, மடுல்கலை, றங்கலை பக்கத்துத் தோட்டங்களில் இருந்து வருபவர்களுக்கு இதற்கு முன்னரே ஒரு பயணம் இருக்கிறது. லயத்தில் இருந்து பெரிய வீதிக்கு வருவதற்கே வான் கிடைக்கவேண்டும். மழை நாளில் தோட்டப் பாதையில் வான்காரர் வர மறுப்பார். பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கண்டி நகருக்குள்ளும் நெரிசல் சும்மா வந்ததல்ல. 1998 ஜனவரி 25 தலதா மாளிகைக் குண்டுத் தாக்குதலுக்குப் பின் மாளிகைக்கு முன்னால் உள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. யுத்தம் முடிந்து இத்தனை ஆண்டு கழிந்தும் அது திறக்கப்படவில்லை. ஏரியைச் சுற்றி வாகனங்கள் ஊர்வதற்கு அதுவும் ஒரு காரணம். அம்பிட்டியவில் இருந்து புறப்படுபவர் பேராதனைப் பாலத்தை அடையவே முக்கால் மணி நேரம் ஒதுக்கவேண்டும்.

அங்கிருந்து இரண்டு வழி. ஒன்று பழைய கொழும்பு வீதி: கடுகண்ணாவை, மாவனெல்லை, கேகாலை, வரக்காப்பொல, நிட்டம்புவ, பிறகு மினுவாங்கொடைப் பக்கம் திரும்பிக் கட்டுநாயக்க. மற்றது கட்டுகஸ்தோட்டை, கலகெதர வழியாகக் குருநாகல். அங்கிருந்து மீரிகம வரை 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அதிவேகப் பாதை. கண்டி வரை வருவதாகச் சொன்ன பகுதி இன்னும் எங்களுக்கு எட்டவில்லை. 2013இல் திறந்த கொழும்பு–கட்டுநாயக்க அதிவேகப் பாதையால் கண்டிக்காரருக்குப் பெரிய பயன் இல்லை. அது கொழும்பில் இருந்து வருபவர்களுக்கானது.

மழைக்காலத்தில் கடுகண்ணாவையை நம்பக்கூடாது. 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் மண் சரிந்து உயிர்கள் போயின, வீதி மூடப்பட்டது. அதே மாத இறுதியில் வந்த டித்வா புயல் கண்டி மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. அந்த நாட்களில் ரொறன்ரோவில் இருந்து கட்டுநாயக்க வரை வருவது சுலபம், கட்டுநாயக்கவில் இருந்து தெல்தோட்டை போவதுதான் முடியாத காரியம். ஒக்ரோபரில் இருந்து ஜனவரி வரை பயணம் வைப்பவர்கள் குருநாகல் வழியைத் தெரிந்த சாரதியைப் பிடிப்பது நல்லது.

ஆக, விமானம் காலை பத்து மணிக்கு என்றால் விமான நிலையத்தில் ஏழுக்கு நிற்கவேண்டும். கண்டியில் இருந்து மூன்றுக்காவது கிளம்பவேண்டும். தோட்டம் என்றால் இரண்டு. கட்டுக்கலைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பவர்கள் அந்த நேரத்தில் மூடிய கோயில் வாசலில்தான் உடைக்கிறார்கள்.

அந்தப் பத்து மணி விமானத்தில் ஏறினால் டுபாயில் மூன்று மணி நேரம் காத்திருந்து அன்றிரவு பத்து மணிக்கு ரொறன்ரோவில் இறங்கலாம். நாட்காட்டியைப் பார்த்தால் பன்னிரண்டு மணி நேரம்தான். உடம்புக்கோ இருபத்தொன்றரை மணி நேரம். வீட்டில் இருந்து கிளம்பியதை வைத்துப் பார்த்தால் ஒரு நாளும் நாலரை மணியும். கோடையில் ரொறன்ரோ எங்களை விட ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை.

இந்த அரை மணி பற்றி ஒரு வார்த்தை. இலங்கை 1996 மே மாதத்தில் மின்சாரத்தை மிச்சம்பிடிக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. ஒக்ரோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே ஓடியது. ஓமந்தையைத் தாண்டியவர்கள் கடிகாரத்தைத் திருப்பினார்கள். எத்தனையோ நாடுகளைத் தாண்டாமலே நேர வலயம் தாண்டிய சனம் நாங்கள்.

யாழ்ப்பாணத்தில் "கண்டி வீதி" என்று சொல்லும் ஏ9 தொடங்குவது எங்கள் ஊரில்தான். முந்நூற்றி இருபது கிலோமீற்றர் சொச்சம். சமாதான காலத்தில் எட்டு மணி நேரப் பயணம். 2006 ஓகஸ்டில் அது மூடப்பட்டபின் யாழ்ப்பாணத்தில் இருந்து கண்டிக்கு வர விரும்பியவர் அனுமதி எடுத்து, நாள்கணக்கில் காத்திருந்து, பலாலியில் இருந்து இரத்மலானைக்குப் பறந்து, அங்கிருந்து மலை ஏறவேண்டியிருந்தது. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தை விட லண்டன் கிட்ட இருந்தது.

செத்தவீட்டுக் கணக்கு

இந்தக் கேள்விகளுக்குள் இருக்கும் உண்மையான கேள்வி ஒன்றுதான். அம்மாவுக்கு ஒன்று என்றால் நான் முகம் பார்க்க வந்து சேரமுடியுமா?

ஒரு கோடை காலக் கணக்கு. கண்டியில் ஞாயிறு காலை ஆறரைக்கு உயிர் பிரிகிறது. ரொறன்ரோவில் அப்போது சனி இரவு ஒன்பது. உடனே ரிக்கெற் தேடினாலும் அன்றிரவு விமானம் கிடைப்பது அரிது. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குப் பறக்கிறார் என்று வைப்போம். இங்கே திங்கள் காலை ஆறரை. பதின்மூன்று மணி நேரத்தில் டுபாய், நான்கு மணி நேரக் காத்திருப்பு, நாலேகால் மணி நேரத்தில் கட்டுநாயக்க. செவ்வாய் அதிகாலை நான்கை நெருங்கும். குடிவரவு, பெட்டி எல்லாம் முடிய ஐந்து. அந்த நேரத்தில் வீதி காலி என்பதால் எட்டுக்கு வீடு வரலாம். எல்லாம் சரியாக நடந்தால் ஐம்பது மணி நேரம்.

ஆகவே எடுக்கும் நேரத்தைச் செவ்வாய் பின்னேரம் என்று வைப்பதுதான் புத்தி. செவ்வாய் காலை என்று வைத்துவிட்டு, பியர்சனில் பனி கொட்டி விமானம் பிந்தி, பிள்ளை கேகாலையில் வந்துகொண்டிருக்கும்போது இங்கே கொள்ளி வைத்த வீடுகள் உண்டு. உடலைப் பதப்படுத்தி இரண்டு மூன்று நாள் வைப்பது இப்போது எங்கும் வழக்கமாகிவிட்டது. பெரியவர்கள் சிலர் அதை விரும்புவதில்லை. "எனக்காக யாரும் காத்திருக்கவேண்டாம்" என்று எழுதியே வைத்த ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும். அவருடைய மூன்று பிள்ளைகளும் மூன்று கண்டத்தில்.

வரவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்குக் கனடா கொடுக்கும் பயண ஆவணம் எல்லா நாட்டுக்கும் செல்லும், அவர் தப்பி வந்த நாட்டைத் தவிர. இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்து வந்தாலும் சிக்கல்: பாதுகாப்புத் தேவையில்லை என்று கருதி அகதி அந்தஸ்தை முடிவுறுத்தலாம், 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டமாற்றத்தின்படி அதோடு நிரந்தர வதிவிடமும் போகலாம். குடியுரிமை எடுத்தவருக்கு இந்தப் பயம் இல்லை. எடுக்காதவர், செத்தவீட்டு அவசரத்திலும், ரிக்கெற் எடுக்கும் முன் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேட்டே ஆகவேண்டும். அழுகைக்கு நடுவில் இதைச் சொல்வது கடினம். ஆனால் யாராவது சொல்லவேண்டும்.

அப்படிப்பட்டவர்கள் அங்கே போய்ச் சேர்ந்த பயண நேரத்தை எந்தக் கணிப்பானும் தராது. 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பல் 492 பேரோடு பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்தது. தாய்லாந்தில் இருந்து கடலில் ஏறத்தாழ மூன்று மாதம்.

இங்கே வரமுடியாதவர்களும் அங்கே வீசா கிடைக்காதவர்களும் சந்திக்கும் இடமாகத் திருச்சி இருக்கிறது. கட்டுநாயக்கவில் இருந்து 420 கிலோமீற்றர், ஒரு மணி நேரம். கலியாணங்கள், அறுபதாம் கலியாணங்கள், பதினைந்து வருடம் கழித்து ஒரு முகம் பார்த்தல் எல்லாம் அங்கே நடக்கின்றன. யாழ்ப்பாணத்தவருக்கு இன்னும் கிட்ட: 2019இல் திறந்து, கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் ஓடத் தொடங்கிய பலாலி–சென்னை விமானத்துக்கு 360 கிலோமீற்றர்கூட இல்லை.

கண்டித் தமிழர் பலருக்கு உறவு இருக்கும் தூர இடம் ரொறன்ரோ அல்ல, கோத்தகிரி. நேர்கோட்டில் 620 கிலோமீற்றர். 1964 ஒக்ரோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. மலையகத்தில் இருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்குச் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. தலைமன்னாரில் கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரியிலோ வேறெங்கோ ஒரு தோட்டம். தேயிலைதான் தெரிந்த தொழில் என்பதால் 1968இல் தமிழ்நாடு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. போகாமல் தங்கியவர்களில் பலர் 1977 வன்செயலுக்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய், அங்கே யுத்தத்துக்குள் அகப்பட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் சிலர்தான் இன்று ஸ்காபரோவில் இருந்து கண்டிக்கு விமானம் தேடுகிறார்கள்.

தலைமன்னார்க் கப்பல் 1984இல் நின்றது. ரயில் பாதை 2015இல் மீண்டும் தலைமன்னார் வரை போடப்பட்டது, கப்பல் திரும்பவில்லை. இன்று கண்டியில் இருந்து கோத்தகிரி போகிறவர் கட்டுநாயக்க வரை மூன்றரை மணி நேரம், திருச்சிக்கு ஒரு மணி நேரம், அங்கிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம். மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீற்றர் மலைப்பாதை, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். இறங்கும் இடத்துக்குக் கிட்டவே சிலோன் பேச்சு காதில் விழும்.